டிக்கிக்குள் மந்தர ஸ்தாயி – 7: தலையணைப் பஞ்சும் நியூட்டனும்

காரின் டிக்கியில் வைக்கும் ஸ்பீக்கர் பெட்டியின் அளவுகளைச் சென்ற இரண்டு இதழ்களில் சொல்லியாகிவிட்டது: 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகை, உட்கனம் 30 லிட்டர், பின்னிருக்கையின் சாய்வுக்கு இசைவாக மேலே 15, கீழே 23 சென்டிமீட்டர் ஆழம். இடையில் வந்து சேர்ந்தவர்கள் பழைய இதழ்களைத் தேடிக்கொள்ளட்டும். இந்த வாரம் போர்ட் என்னும் குழாயைப் பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்தேன். பஞ்சுக்கு ஒரு பத்தி ஒதுக்கிவிட்டு அதற்குப் போகலாமென்று உட்கார்ந்தால், பஞ்சு என்னை விடுவதாயில்லை.

தலையணைக் கடையில் ரெக்ரான் என்று கேட்டால் கொடுக்கும் வெள்ளைப் பஞ்சைத்தான் சொல்லுகிறேன். அதைக் கையில் கண்டதும் ஆசாரி, "பெட்டி தூங்கப் போகுதுங்களா?" என்றார். எதிரொலியை உறிஞ்சுவதற்காகவே அதை அடைக்கிறார்கள் என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். ஆனால் வினாடிக்கு 40 அதிர்வுள்ள சப்தத்தின் அலைநீளம் எட்டரை மீட்டராக இருக்க, நீளவாட்டில் அரை மீட்டரும் இல்லாத நமது பெட்டிக்குள் அது எங்கே போய் எதிரொலிக்கும்? பஞ்சின் காரியம் வேறு. அது உஷ்ணத்தைப் பற்றியது.

சைக்கிள் பம்பை வேகமாக அடித்தவர்களுக்கு, அமுக்கப்பட்ட காற்று சூடாகிறது என்பது பிரத்தியட்சம். மூடிய பெட்டிக்குள் ஸ்பீக்கரின் கூம்பு பின்வாங்குந்தோறும் அதே காரியம் சூட்சுமமாக நிகழ்கிறது: காற்று சுருங்கிச் சூடேறி, அந்தச் சூட்டினால் மேலும் விறைத்து, கூம்பை எதிர்த்துத் தள்ளுகிறது. மெல்லிழைகள் அந்த உஷ்ணத்தைக் கணத்தில் வாங்கிக்கொண்டு, காற்று விரியும்போது திருப்பிக் கொடுத்துவிட்டால், விறைப்பு தளர்கிறது. கூம்புக்குப் பெட்டி பெரிதாகிவிட்டதாகத் தோன்றுகிறது. கணக்கின்படி 40 சதவிகிதம்வரை பெரிதாகலாம். அநுபவத்தில் 10 முதல் 20 சதவிகிதம் கிடைத்தாலே லாபம். ஒரு பலகைகூடச் சேர்க்காமல், டிக்கியில் ஓர் அங்குல இடமும் இழக்காமல், தலையணைப் பஞ்சினால் மூன்று லிட்டருக்கு மேல் சம்பாதிப்பதென்றால் அது அற்ப விஷயமன்று.

இதைப் படித்துக்கொண்டே போனபோதுதான் நியூட்டன் குறுக்கே வந்தார். 1687-இல் வெளிவந்த 'பிரின்சிபியா'வில், அமுக்கத்தினால் காற்றின் உஷ்ணம் மாறுவதைக் கணக்கில் கொள்ளாமலே அந்த மகான் சப்தத்தின் வேகத்தை வகுத்தார். விடை உண்மையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்தது. கேம்பிரிட்ஜில் தமது கல்லூரித் தூண்வரிசையிலே எதிரொலியைக் கொண்டு வேகத்தைச் சோதித்தவர், கணக்குக்கும் காதுக்கும் உள்ள பிணக்கைத் தீர்க்கக் காற்றிலுள்ள திடத் துகள்களையும் நீராவியையும் பிற்பாடு சாக்காகச் சொன்னார். 1816-இல் லாப்லாஸ் உஷ்ணத்தைக் கணக்கில் சேர்த்த பின்புதான் வழக்கு தீர்ந்தது. இக்காலக் கணக்கில், 20 பாகை வெப்பத்தில், திறந்த வெளியிலே சப்தம் வினாடிக்கு 343 மீட்டர் செல்லும். நியூட்டன் முறைப்படி 290 மீட்டர்தான். என்னை ஒரு வாரமாக ஆட்டிவைக்கும் செய்தி இதுதான்: வெட்டவெளியில் பொய்த்த நியூட்டனின் கணக்கு, உஷ்ணத்தை உடனுக்குடன் இழை உறிஞ்சிவிடுவதால், பஞ்சடைத்த பெட்டிக்குள் மெய்யை நெருங்குகிறது.

இதனைப் பிரயோகத்துக்குக் கொண்டுவந்தவர்களும், ஆச்சரியமாக, கேம்பிரிட்ஜ்க்காரர்களே. ஆனால் அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலுள்ள கேம்பிரிட்ஜ். எட்கர் வில்ச்சரும் ஹென்றி க்ளாஸும் அங்கே தொடங்கிய அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனி, 1954-இல் ஏ.ஆர்.-1 என்ற ஸ்பீக்கரை வெளியிட்டது. காற்றையே ஸ்பிரிங்காகக் கொண்டு, கண்ணாடி இழைப் பஞ்சடைத்த அந்தச் சிறிய மூடிய பெட்டி, அதுவரை அலமாரி அளவுப் பெட்டிகளே தந்துவந்த ஆழ்ந்த நாதத்தைத் தந்தது. வில்ச்சர் பிற்காலத்தில் செவித்துணைக் கருவிகளில் ஆராய்ச்சி செய்து, அதன் பலனைக் காப்புரிமை கோராமல் உலகுக்கு வழங்கினார் என்பதை இங்கே சொல்லாமற்போனால் என் மனம் ஆறாது.

பத்திரிகாலயத்திலிருந்து இரண்டாம் முறை ஆள் வந்துவிட்டதால் செய்முறையைச் சுருக்குகிறேன். பஞ்சைக் கட்டியாகத் திணிக்காமல், கையால் பிரித்துப் பஞ்சுமிட்டாய்ப் பதத்துக்குக் கொண்டுவந்து, கால் கிலோவில் தொடங்குங்கள். கேட்டுக் கேட்டுக் கூட்டலாம், ஆனால் அரைக் கிலோவைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் பஞ்சே இடத்தை அடைத்துக்கொள்ளும். காந்தத்தின் பின்புறத்தில் காற்றுத் துளை இருந்தால் இழை உள்ளே இழுபடாதிருக்கக் கொசுவலைத் துணியால் மறைப்புக் கட்டுவது உத்தமம்.

பெல் ஆய்வுக்கூடத்துத் துராஸ் 1932-இல் காப்புரிமை பெற்ற அந்தக் குழாயை அடுத்த வாரம் நிச்சயமாகப் பார்ப்போம். மூலைகளில் பூசிய சிலிக்கோனின் புளித்த வாடை அறவே நீங்கும்வரை ஸ்பீக்கரைப் பெட்டியில் பொருத்தாதீர்கள். அந்த ஆவி கூம்பின் ஒட்டுப்பசைக்கு ஆகாது.