முடிச்சுக் கோட்பாட்டில் ஒருமையும் வேற்றுமையும்: பெர்க்கோ இணை

கணிதம் கருதும் முடிச்சு, இரு முனையும் இணைக்கப்பட்ட மூடிய கயிறு. அறுக்காமல் ஒன்றை மற்றொன்றாக உருமாற்ற இயலுமாயின் இரண்டும் ஒன்றே. அதனைத் தெளிவதுதான் அரிது. முடிச்சைத் தாளில் வரைகையில் இழை இழையின்மேற் செல்லும் இடம் ‘கடப்பு’ எனப்படும். 1899இல் லிட்டில் தொகுத்த 10 கடப்பு முடிச்சுகளின் அட்டவணையில் இரண்டு, 75 ஆண்டுகள் வெவ்வேறாகவே எண்ணப்பட்டன. 1974இல் கென்னத் பெர்க்கோ (தொழிலால் இவர் நியூயார்க் வழக்கறிஞர்) அவை ஒன்றே என நிறுவினார். லிட்டிலின் வழு ஒரு நம்பிக்கையிலிருந்து எழுந்தது: கடப்புதோறும் முறுக்கின் திசைக்கேற்பக் கூட்டல், கழித்தல் குறியிட்டுப் பெறும் தொகை, மிகக் குறைந்த கடப்புடைய வரைபடங்களில் மாறாது என அவர் கொண்டார். இவ்விணையிலோ அது, குறி நீங்கலாக, ஒன்றில் 8, மற்றதில் 10. இழை மேலும் கீழும் மாறிமாறிச் செல்லும் முடிச்சுகளுக்கு அக்கருத்து பொருந்தும். அதற்கான நிறுவல் 1984இல் ஜோன்ஸ் பல்லுறுப்புக்கோவை கண்டறியப்பட்ட பின்னரே கிட்டியது.