யார் மேல் தப்பு என்று கேட்காமலே ரூ.2.5 லட்சம்: விபத்து இழப்பீட்டில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படிங்க!

ஓர் உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம். வயது 28. தனியார் கம்பெனியில் ஃபீல்டு வேலை, மாதச் சம்பளம் ரூ.18,000. கத்திப்பாரா பக்கம் பைக்கில் போகும்போது ஒரு கார் மோதுகிறது. வலது கால் எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து பிளேட் வைக்கிறார்கள். “சிக்னலைத் தாண்டி வந்தது நீதான்” என்கிறார் கார்காரர். “இண்டிகேட்டர் போடாம திரும்புனது நீங்கதான்” என்கிறார் இவர். பார்த்த சாட்சி யாரும் இல்லை.

இந்த நிலைமையில் ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வரும் சொந்தக்காரர்களில் ஒருவராவது இதைச் சொல்வார்: “யார் மேல தப்புன்னு பாக்காம இன்சூரன்ஸ்ல ஒரு அமவுன்ட் குடுப்பாங்க தம்பி. முதல்ல அதை வாங்கிக்க. மீதியை கேஸ் போட்டுப் பாத்துக்கலாம்.”

இந்த அட்வைஸில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியும் ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்தது. இப்போது அதை நம்பிக் கையெழுத்துப் போட்டால், பல லட்சம் ரூபாய் கைவிட்டுப் போகலாம்.

மாமா சொன்னது எந்தக் காலத்துச் சட்டம்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் 140-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு ரூ.50,000, நிரந்தர ஊனம் ஏற்பட்டவருக்கு ரூ.25,000. யார் மேல் தவறு என்ற கேள்வியே இல்லாமல் இந்தத் தொகை உடனடி நிவாரணமாகக் கொடுக்கப்பட்டது. அதை வாங்கிக்கொண்டே, எதிர்த்தரப்பின் தவறை நிரூபித்து முழு இழப்பீடு கேட்கும் வழக்கையும் நடத்தலாம். கடைசியில் தீர்ப்பாகும் தொகையில் முன்பு வாங்கியதைக் கழித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

2019-ல் சட்டத் திருத்தம் வந்தது. அதன் இழப்பீட்டுப் பகுதி 2022 ஏப்ரல் 1 முதல் அமலாகி, 140-வது பிரிவு காணாமல் போனது. அந்த இடத்தில் இப்போது இருப்பது 164-வது பிரிவு. மரணத்துக்கு ரூ.5 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.2.5 லட்சம். மோதிய வண்டியின் உரிமையாளரோ, அதன் இன்சூரன்ஸ் நிறுவனமோ கொடுக்க வேண்டும். கார்காரர் தவறாக ஓட்டினார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டாம்; மனுவில் அப்படிச் சொல்லவே வேண்டாம்.

தொகை பத்து மடங்கு ஆகியிருக்கிறதே, நல்ல விஷயம்தானே? ஆமாம். ஆனால் கூடவே ஒரு கதவும் மூடியிருக்கிறது. முழு இழப்பீடு கேட்கும் 166-வது பிரிவிலேயே இப்போது ஒரு நிபந்தனை சேர்ந்திருக்கிறது: 164-ன் கீழ் இழப்பீட்டை ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் நீங்கள் போட்ட இழப்பீட்டு மனு காலாவதியாகிவிடும். முன்பு அட்வான்ஸ் மாதிரி இருந்தது, இப்போது ஃபைனல் செட்டில்மென்ட்.

கால் முறிவுக்கும் சுண்டுவிரல் முறிவுக்கும் ஒரே தொகை

‘கொடுங்காயம்’ என்றால் உயிருக்குப் போராடும் நிலை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சட்டத்தில் அதன் பொருள் அகலமானது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-வது பிரிவு எட்டு வகைகளைச் சொல்கிறது. கண் பார்வை, காது கேட்கும் திறன், கை கால் இழப்பு, முகம் சிதைவது எல்லாம் அதில் உண்டு. எந்த எலும்பு முறிந்தாலும், மூட்டு விலகினாலும், பல் உடைந்தாலும் அதுவும் கொடுங்காயம்தான். 15 நாள் கடுமையான வலியில் இருந்தாலோ, அன்றாட வேலைகளைச் செய்ய முடியாமல் போனாலோ அதுவும் அப்படியே. பழைய ஐபிசியில் இது 20 நாளாக இருந்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம். 164-வது பிரிவு காயத்தைத் தரம் பிரிப்பதில்லை. சுண்டுவிரலில் மெல்லிய விரிசல் விழுந்தவருக்கும் ரூ.2.5 லட்சம், முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தவருக்கும் அதே ரூ.2.5 லட்சம். வயது, சம்பளம், ஆஸ்பத்திரி பில் எதுவும் கணக்கில் வராது. வெறும் சிராய்ப்பு, தையல் போட்ட வெட்டுக்காயம் என்றால் இந்தப் பிரிவில் ஒன்றும் கிடையாது.

அதனால், சீக்கிரம் ஆறிவிடும் எலும்பு முறிவுக்கு இது நல்ல டீல். வாழ்க்கையையே மாற்றிப்போடும் காயத்துக்கு மோசமான டீல்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

முழு இழப்பீட்டு வழக்கை நம் ஊர் கோர்ட்டுகளில் ‘எம்.சி.ஓ.பி’ என்பார்கள். இதில் இழப்பீடு தோராயமாகப் போடப்படுவதில்லை. சரளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) வழக்குகளில் உச்ச நீதிமன்றம் ஒரு ஃபார்முலாவையே கொடுத்திருக்கிறது. அவை மரண வழக்குகளில் பிறந்த ஃபார்முலா என்றாலும், காயத்தால் சம்பாதிக்கும் திறனை இழந்தவர்களுக்கும் அதே பாணியில்தான் கணக்கிடுகிறார்கள்.

நம் 28 வயது இளைஞருக்கே போட்டுப் பார்ப்போம். கால் குணமான பிறகும் முன்புபோல நடக்க முடியவில்லை, சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போய்விட்டது என்று தீர்ப்பாயம் முடிவு செய்வதாக வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் ரூ.18,000. நிரந்தர வேலை இல்லாத, 40 வயதுக்கு உட்பட்டவர் என்பதால் எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்ப்பார்கள், ரூ.25,200 ஆகிறது. ஆண்டுக்கு ரூ.3,02,400. 26 முதல் 30 வயது வரை பெருக்கும் எண் 17. ஆக ரூ.51,40,800. அதில் 30 சதவீதம் ரூ.15,42,240.

மருத்துவச் செலவு, வலி வேதனை, வேலைக்குப் போகாத மாதங்களின் சம்பளம் எல்லாம் இதற்கு மேல் தனி. மனு போட்ட தேதியிலிருந்து வட்டியும் கேட்கலாம். மறுபக்கம், ரூ.2.5 லட்சம்.

“ஆனா தப்பு என் மேலயும் இருக்கே” என்பவர்களுக்கு: இரண்டு பேர் மேலும் தவறு என்றால், உங்கள் பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். பாதித் தவறு உங்களுடையது என்றால் மேலே சொன்ன தொகை ரூ.7.71 லட்சம் ஆகும். 80 சதவீதம் உங்கள் தவறு என்றாலும் ரூ.3.08 லட்சம் வரும். முழுத் தவறும் உங்களுடையது என்றால் மட்டும்தான் பூஜ்யம். தவறை நிரூபிக்க கிரிமினல் கேஸ் அளவுக்குச் சாட்சியமும் தேவையில்லை. ‘இப்படி நடந்திருக்கவே அதிக வாய்ப்பு’ என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால் போதும்.

சதவீதம் என்றதும் இன்னொரு குழப்பம் வரும். டாக்டர் சர்டிஃபிகேட்டில் எழுதும் ஊனத்தின் சதவீதமும், சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் (2011) தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதை எளிமையாக விளக்கியிருக்கிறது. இடது கையை இழந்தவர் தச்சராகவோ டிரைவராகவோ இருந்தால், அவருடைய வருமானம் கிட்டத்தட்ட முழுவதும் போகலாம். அதே கையை இழந்த அரசு அலுவலக கிளார்க்குக்கு வேலையும் சம்பளமும் அப்படியே தொடரலாம். ஆக, நாள் முழுக்க பைக்கில் சுற்றும் டெலிவரி ஊழியருக்குக் கால் முறிவது வேறு. லேப்டாப்பில் வேலை பார்ப்பவருக்கு முறிவது வேறு.

அப்போ 164 யாருக்கு?

எதற்கெடுத்தாலும் எம்.சி.ஓ.பி போட வேண்டும் என்று அர்த்தமில்லை. வழக்கு வருடக்கணக்கில் இழுக்கலாம். மேல்முறையீடு வந்தால் இன்னும் தள்ளும். ராங் சைடில் போய் மோதியது நீங்கள்தான், சிசிடிவியிலும் அது பதிவாகியிருக்கிறது என்றால், 166-ல் கையில் ஒன்றும் நிற்காது, 164-ல் ரூ.2.5 லட்சம் நிற்கும். எஃப்.ஐ.ஆரே உங்கள் பெயரில் இருந்தாலும் இது பொருந்தும். எலும்பு முறிவு முழுதாகக் குணமாகி, வேலைக்கும் திரும்பிவிட்டீர்கள் என்றாலும் இதுவே லாபமாக இருக்கலாம்.

ஒரே சிக்கல், காலில் கட்டுப் போட்டிருக்கும் முதல் மாதத்தில் எது லாபம் என்று யாருக்கும் தெரியாது. இன்சூரன்ஸ் நிறுவனத்தின் ஆஃபர் வருவதும் பெரும்பாலும் பணம் கரையும் அந்தக் கட்டத்தில்தான். சட்டத்தின் 149-வது பிரிவுப்படி, தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நிறுவனத்தின் அதிகாரி தீர்ப்பாயத்தின் முன்பு சமரசத் தொகையைச் சொல்லலாம். ஏற்றுக்கொண்டால் சம்மதத்தோடு முடிந்ததாகப் பதிவாகும். அந்தப் பதிவு கிடைத்த 30 நாளுக்குள் பணம் வர வேண்டும். மறுத்தால் வழக்கு விசாரணைக்குப் போகும். மறுப்பதால் உங்கள் உரிமை எதுவும் போகாது. எந்தப் பிரிவின் கீழ் தருகிறார்கள், நிரந்தர ஊனம் மதிப்பிடப்பட்டுவிட்டதா என்ற இரண்டையும் பார்க்காமல் பேனாவை எடுக்க வேண்டாம். ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து “சார், ஒரு வக்காலத்துல மட்டும் சைன் போடுங்க” என்பவர்களுக்கும் இதே பதில்தான்.

கையில் காசு இல்லாததால்தான் அவசரம் என்றால், அதற்கு வேறு வழி இருக்கிறது. 2025 மே 5 முதல் அமலில் உள்ள மத்திய அரசின் கட்டணமில்லா சிகிச்சைத் திட்டத்தில், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள் வரை, ரூ.1.5 லட்சம் வரையிலான சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டாம். தமிழ்நாடு அரசின் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேர சிகிச்சையைப் பார்த்துக்கொள்கிறது. இவற்றால் இழப்பீட்டு வழக்கு முடிந்துவிடாது.

தனியாக விழுந்தால்?

நாய் குறுக்கே வந்தது, மணலில் சறுக்கியது, வேறு வண்டியே சம்பந்தமில்லை என்றால் கதை வேறு. உங்கள் பைக்கின் தேர்டு பார்ட்டி பாலிசி மற்றவர்களுக்கானது, உங்களுக்கானது அல்ல. உரிமையாளரும், அவரிடம் வண்டியை இரவல் வாங்கி ஓட்டியவரும் அந்த வண்டியின் இன்சூரன்ஸிடமே தவறு பாராத இழப்பீடு கேட்க முடியாது என்று பழைய 163ஏ பிரிவு தொடர்பான ராம்கிலாடி வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கைகொடுப்பது ரூ.15 லட்சத்துக்கான கட்டாய தனிநபர் விபத்துக் காப்பீடுதான். ஆனால் அதுவும் மரணம், கை கால் அல்லது கண் இழப்பு, முழுமையான நிரந்தர ஊனம் ஆகியவற்றுக்கு மட்டும். சாதாரண எலும்பு முறிவுக்கு அதில் பணம் வராது.

மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்றே தெரியாவிட்டால் 161-வது பிரிவு: மரணத்துக்கு ரூ.2 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.50,000. இதற்குத் தீர்ப்பாயம் வேண்டாம், வருவாய்த் துறை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். வண்டி நம்பர் மட்டும் கிடைத்திருந்தால், எம்பரிவாஹன் ஆப்பில் போட்டு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லாவிட்டால் உரிமையாளர்தான் கொடுக்க வேண்டும்; அவரிடமிருந்து வசூலிப்பது தனிப் போராட்டம்.

எங்கே, எப்போது?

மனு போட சட்டம் தரும் அவகாசம், விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம். இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. காலம் கடந்தது என்பதற்காக மட்டும் மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்திருக்கிறது. இடைக்கால உத்தரவை நம்பி ஏழாவது மாதத்துக்குத் தள்ளிப்போடுவது ரிஸ்க்.

விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் போலீஸ் முதல் அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது 2022 விதி. அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு. ‘அதான் போலீஸ் அனுப்பிடுவாங்களே’ என்று சும்மா இருக்காமல், அறிக்கை போனதா என்று ஸ்டேஷனில் கேட்டுக்கொள்வது நல்லது. ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரிஜினல் பில்கள் எல்லாவற்றையும் வாங்கி வைக்க வேண்டும். சம்பள ரசீது இல்லாத டெலிவரி ஊழியர்கள், ஆப்பில் காட்டும் வாராந்திர வருமானத்தையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் இப்போதே டவுன்லோடு செய்து வைக்கலாம். ஐ.டி பிளாக் ஆன பிறகு அது கிடைக்காது.

மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. நீங்கள் வசிக்கும் ஊரிலோ, தொழில் செய்யும் ஊரிலோ, எதிர்த்தரப்பு வசிக்கும் ஊரிலோ உள்ள தீர்ப்பாயத்திலும் போடலாம். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் இந்தத் தீர்ப்பாயங்கள் இயங்குகின்றன. உளுந்தூர்பேட்டையில் அடிபட்டு, திருநெல்வேலியில் அம்மா வீட்டில் படுத்திருப்பவர், ஒவ்வொரு வாய்தாவுக்கும் உளுந்தூர்பேட்டைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. திருநெல்வேலியிலேயே மனு போடலாம்.