சிவனோடு காய் நகர்த்திய இளவரசி

திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலம் அருகே திருப்பூவனூரில் சிவனுக்குப் பெயரே சதுரங்க வல்லபநாதர். இளவரசி ராஜராஜேஸ்வரியைச் சதுரங்கத்தில் ஜெயிக்க யாராலும் முடியவில்லை. கடைசியில் சிவனே முதியவராக வந்து ஆடி, வென்று, மணந்துகொண்டார் என்கிறது தலபுராணம். 2022-இல் மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது இந்தக் கதை பரவலாகப் பேசப்பட்டது.

கதையின் அழகு இன்னொன்றிலும் இருக்கிறது. பழைய சதுரங்கப் பலகையில் ராணியே கிடையாது. ராஜாவுக்குப் பக்கத்தில் நின்றது மந்திரி; அதுவும் மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம்தான் நகரும். ஐரோப்பாவுக்குப் போனபிறகுதான் அந்தக் காய் ராணியானது. எட்டுத் திசையும் பாயும் பலம் அதற்குக் கிடைத்தது 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில். அப்படியானால் இளவரசி அத்தனை பேரையும் வீழ்த்தியது யானை, குதிரை, தேர், காலாள், ஒரு கட்டம் நகரும் மந்திரி ஆகியவற்றை வைத்துத்தான்.