ஃபிலிம் கேமராவுக்குள் ஒரு சென்சர்

திருவனந்தபுரத்தில் கேமராவுக்கு முதல் எதிரி ஈரக்காற்று. மழைக்காலம் முழுக்க அலமாரியில் பூட்டி வைத்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்துவிடும். கரமனையில் தெரிந்தவர் வீட்டில் எனக்குக் கிடைத்த பழைய எஸ்.எல்.ஆர். கேமராவின் லென்ஸ் எப்படியோ தப்பியிருந்தது. ஷட்டர் திரை மட்டும் கிழிந்துபோயிருந்தது. மாற்றுத் திரை கிடைக்கவில்லை. நல்ல லென்ஸைப் பழைய இரும்புக்குப் போட மனம் வராமல், கேமராவை டிஜிட்டலாக்க உட்கார்ந்தேன்.

இது நேற்று வந்த ஆசை அல்ல. 1991-இல் கோடாக் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் டிஜிட்டல் எஸ்.எல்.ஆரே, நிக்கான் எஃப்3 ஃபிலிம் கேமராவின் பின்புறம் சென்சரைப் பொருத்தியதுதான். 13 லட்சம் பிக்சல். படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தனியாகத் தோளில் சுமக்க வேண்டும். இன்று ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியும், அதற்காக 2020-இல் வந்த 123 லட்சம் பிக்சல் கேமரா போர்டும் போதும்.

கஷ்டமெல்லாம் பொருத்தும் இடத்தில்தான். ஃபிலிம் இருந்த அதே தளத்தில் சென்சர் உட்கார வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பின்னால் போனாலும், 50 மி.மீ. லென்ஸில் சுமார் இரண்டரை மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவாக விழாது. போர்டு 38 மி.மீ. சதுரம், ஃபிலிம் சட்டத்தின் உயரமோ 24 தான். உலோகத்தை அரத்தால் ராவி இடம் பண்ணினேன். மெல்லிய பித்தளைத் தகடுகளைச் செருகியும் உருவியும், தூரத்து மொபைல் டவரின் சிவப்பு விளக்கு கூர்மையான புள்ளியாகும்வரை போர்டை நகர்த்தினேன். உள்ளே இருக்கும் கண்ணாடியை மேலே தூக்கி நிறுத்தியாயிற்று. எனவே வியூஃபைண்டர் இருட்டு, மொபைல் திரையில்தான் காட்சி. ஷட்டர் வேலையைச் சென்சரே பார்த்துக்கொள்ளும்.

சென்சரின் பரப்பு ஃபிலிம் சட்டத்தில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். அதனால் 50 மி.மீ. லென்ஸ் 275 மி.மீ. டெலிஃபோட்டோவாக வேலை செய்யும். பத்மநாபசுவாமி கோவில் கோபுரத்தை முழுதாக எடுக்க வழியில்லை. ஆனால் பக்கத்திலேயே மேத்தன் மணிக் கடிகாரம் இருக்கிறது. மணி அடிக்கும்போது இரண்டு ஆட்டுக்கடாக்கள் தாடிக்காரரின் கன்னங்களில் முட்டும் அந்தக் காட்சி, படம் நிறைய விழுகிறது.

ஓடுகிற கேமராவில் மட்டும் யாரும் அரத்தை வைக்காதீர்கள். ஃபிலிம் இன்னும் விற்கிறது, வாங்கிப் போடுங்கள். பழுதாகிக் கிடக்கும் கேமராவின் லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பூஞ்சை இல்லையென்றால் அதைக் காயலான் கடைக்குக் கொடுக்காதீர்கள்.