வாங்குபவர் மனசு – 14: காலி பாக்கெட் சொன்ன சேதி

குற்றாலத்தில் சீசன் என்றால் ஜூன் முதல் ஆகஸ்டு வரை. தென்மேற்குப் பருவமழை மலை தாண்டிச் சாரலாக இறங்கியதும் பேரருவியிலும் ஐந்தருவியிலும் கூட்டம் நெரியும். அந்த மூன்று மாதத்துக்குள் சரக்கைத் தள்ளியாக வேண்டும். மங்குஸ்தான் விற்பவர் பழத்தைப் பிளந்து கையில் கொடுத்துவிட்டு, வாங்கியவரின் முகத்தைத்தான் பார்ப்பார். எப்படி இருக்கிறது என்று வாய்விட்டுக் கேட்டால், "நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிடுவார்கள்.

சந்தை ஆய்வு செய்பவர்களுக்கும் இதே தலைவலிதான். முகத்துக்கு நேரே குறை சொல்லக் கூச்சப்படுகிறவர், கேள்வித்தாளிலும் ‘திருப்தி’ என்றே டிக் அடிப்பார். கடைக்குப் போனால் வேறு பொருளை எடுப்பார்.

காரணத்தைத் தோண்டி எடுக்க வந்ததுதான் ஃபோகஸ் குரூப். 1941-ல் நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பால் லாசர்ஸ்ஃபெல்டு வானொலி நிகழ்ச்சிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். கேட்பவர்கள் பிடித்தால் பச்சை பட்டன், பிடிக்காவிட்டால் சிவப்பு பட்டன் அழுத்த வேண்டும். எந்த இடத்தில் பிடிக்காமல் போனது என்பது தெரிந்தது. ஏன் என்பது தெரியவில்லை. சக சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன், பட்டன் அழுத்தியவர்களை உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்தார். 1946-ல் அந்த முறையைக் கட்டுரையாகவும் எழுதினார்.

இன்று எட்டுப் பத்துப் பேர், ஒன்றரை மணி நேரம், பேச்சை நடத்திச் செல்ல ஒருவர் என்பது வழக்கமான ஏற்பாடு. யாரை யாரோடு உட்கார வைப்பது என்பதில்தான் சூட்சுமம். தென்காசிப் பக்கம் மாமியாரையும் மருமகளையும் ஒரே பாயில் உட்கார வைத்தால், மாமியாரின் கருத்து மட்டும்தான் கிடைக்கும். "எந்த ஷாம்பு பிடிக்கும் மைனி?" என்ற கேள்விக்கு விளம்பரத்தில் பார்த்த பெயர் பதிலாக வரும். "போன தடவை என்ன வாங்கினீங்க? அது கடையில இல்லேன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. கோகோ கோலா சுமார் 2 லட்சம் பேருக்குப் புதிய சுவையைக் குடிக்கக் கொடுத்தது; பலருக்கும் பிடித்திருந்தது. குழு உரையாடல்களில் மட்டும் ஒரு சிறு பகுதியினர் கொதித்தார்கள். பக்கத்தில் இருந்தவர்களின் மனதையும் மாற்றினார்கள். நிறுவனம் எண்ணிக்கையை நம்பியது. 1985 ஏப்ரல் 23-ல் புதிய கோக் வந்தது. எதிர்ப்பு தாங்காமல் 79 நாளில் பழையதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

நம் கடலூர்க்காரர் சி.கே.ரங்கநாதன் வேறு வழியில் போனார். 1983-ல் 15,000 ரூபாய் முதலீட்டில் தொடங்கி, ‘சிக்’ ஷாம்பு விற்றவர் அவர். ஷாம்புவே அறியாத கிராமங்களில், ஒரு பையனுக்கு எல்லோர் முன்னாலும் தலை அலசிவிட்டு, அவன் முடியைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் சொன்னார்கள். ரஜினி படம் போட்டு, இடையில் விளம்பரம் காட்டி, இலவச பாக்கெட் கொடுத்தார்கள். அடுத்து, எந்த நிறுவனத்தின் காலி பாக்கெட் ஐந்து கொண்டுவந்தாலும் ஒரு சிக் இலவசம் என்றார்கள். பிறகு, ஐந்தும் சிக் பாக்கெட்டாக இருந்தால்தான் உண்டு என்று விதியை மாற்றினார்கள். மாத விற்பனை 35,000 ரூபாயிலிருந்து 12 லட்சமானது. மல்லிகை, ரோஜா வாசனை சேர்த்ததும் 30 லட்சத்தைத் தொட்டது. காலி பாக்கெட் பொய் சொல்லாது: வீட்டில் எது தீர்ந்ததோ அதுதான் கடைக்குத் திரும்பி வரும்.

வாடிக்கையாளரின் மனசை அறிய அவருடைய புகார் இன்னொரு வழி. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ அலுவலகம் இயங்குகிறது. வாடிக்கையாளர் புகார்களைப் பெற்றுப் பதில் சொல்ல உலகெங்கும் நிறுவனங்கள் பயன்படுத்தும் ‘ஜோஹோ டெஸ்க்’ மென்பொருள் உருவானது இங்கேதான்.

ஃபோகஸ் குரூப்பிலிருந்து புதிய யோசனைகளை எடுக்கலாம், முடிவான ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்று மெர்ட்டனே பின்னாளில் எழுதினார். புதிதாகச் சரக்கு இறக்க நினைப்பவர்கள் எட்டுப் பேரைக் கூட்டிக் காரணத்தைக் கேளுங்கள். எவ்வளவு விற்கும் என்று அவர்களிடம் கேட்காதீர்கள். அதற்குக் கொஞ்சம் சரக்கைக் கடையில் வைத்து, காசுக்கு விற்றுப் பாருங்கள்.

(அடுத்த வாரம்: விலையை எப்படிக் கேட்பது?)