முதியோர் இல்லங்களில் நிமோகாக்கஸ் நோயும் தடுப்பூசியும்

நிமோகாக்கஸ் என்பது நுரையீரல் அழற்சி (நிமோனியா), மூளை உறை அழற்சி, இரத்தத் தொற்று ஆகியவற்றை உண்டாக்கும் ஒரு பாக்டீரியா. 1881ஆம் ஆண்டில் பிரான்சில் லூயி பாஸ்டரும் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க்கும் இதைத் தனித்தனியே கண்டறிந்தனர். இதன் மேலுள்ள சர்க்கரை உறையின் அமைப்பைக் கொண்டு 100க்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கப்படுகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் 65 வயதைக் கடந்தவர்களுமே இதனால் அதிகம் பாதிக்கப்படுகின்றனர்.

பரவும் விதம்

நலமாக இருப்பவர்களின் மூக்கிலும் தொண்டையிலும்கூட இக்கிருமி தங்கியிருக்கும். இருமல், தும்மல், நெருங்கிய பேச்சு வழியாக அடுத்தவருக்குச் செல்கிறது. முதியோர் இல்லத்தில் ஒரே அறையில் பலர் படுக்கின்றனர். ஒரே கூடத்தில் உண்கின்றனர். ஒரே பணியாளர் பலருக்கு உணவூட்டி, குளிப்பாட்டி விடுகிறார். நீரிழிவு, இதய நோய், நாள்பட்ட நுரையீரல் நோய், பக்கவாதத்துக்குப் பின் விழுங்குவதில் சிரமம் ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன.

முதியவர்களிடம் அறிகுறிகள் மாறுபடலாம். காய்ச்சலோ சளியோ இல்லாமல் திடீர்க் குழப்பம், உணவை மறுத்தல், தடுமாறி விழுதல், வேகமாக மூச்சு வாங்குதல் ஆகியவை மட்டும் தெரியலாம். நிமிடத்துக்கு 30 முறை அல்லது அதற்கு மேல் மூச்சு விடுவது தீவிர நோயின் அடையாளம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இரு சான்றுகள்

1996 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், 84 பேர் தங்கியிருந்த ஒரு முதியோர் இல்லத்தில் 11 பேருக்கு நிமோனியா வந்தது, மூவர் இறந்தனர். பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத 23எஃப் வகைக் கிருமியே காரணம். நோய் பரவுமுன் தடுப்பூசி போட்டிருந்தவர்கள் மூவர் மட்டுமே. பிறகு தடுப்பூசியும் தடுப்பு மருந்தும் தரப்பட்டபின் புதிதாக யாருக்கும் நோய் வரவில்லை.

ஜப்பானில் முதியோர் இல்லவாசிகள் 1,006 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. 23 வகைகளுக்கு எதிரான தடுப்பூசி பெற்ற 502 பேரில் 14 பேருக்கும், போலி ஊசி பெற்ற 504 பேரில் 37 பேருக்கும் நிமோகாக்கஸ் நிமோனியா வந்தது. அந்த 37 பேரில் 13 பேர் அதனால் இறந்தனர். அந்த 14 பேரில் ஒருவரும் இறக்கவில்லை.

தடுப்பூசி வகைகள்

23 வகை ஊசியில் கிருமியின் சர்க்கரை உறைப்பொருள் மட்டும் உள்ளது. இணைப்புத் தடுப்பூசியில் அந்தச் சர்க்கரை ஒரு புரதத்துடன் இணைக்கப்படுவதால் உடலின் எதிர்ப்பு நினைவு வலுப்படுகிறது. 20 வகை இணைப்பு ஊசி ஒரு தவணையே போதும். 13 அல்லது 15 வகை ஊசி போட்டவர்கள் பின்னர் 23 வகை ஊசியையும் போட்டுக்கொள்வது வழக்கம். இடைவெளியை மருத்துவர் முடிவு செய்வார். இது ஆண்டுதோறும் போடும் ஊசி அல்ல. ஆண்டுதோறும் போட வேண்டியது ஃப்ளூ தடுப்பூசி. ஃப்ளூவைத் தொடர்ந்து நிமோகாக்கஸ் நிமோனியா வருவதுண்டு என்பதால் முதியவர்களுக்கு இரண்டும் தேவை.

வடசென்னையில்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் துறைமுகம், கனரக லாரிப் போக்குவரத்து, அனல்மின் நிலையங்கள், அருகில் மணலி ஆலைகள் எனப் புகையும் தூசும் நிறைந்த சூழல் உள்ளது. மாசு, மூச்சுக்குழாய் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் ஆற்றலைக் குறைக்கிறது. வெல்டிங் புகைக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு: 2019இல் நார்வேயிலும் பின்லாந்திலும் கப்பல் கட்டும் தளத் தொழிலாளர்களிடையே இது பரவியது. வெல்டிங் வேலையை விட்டபின் அந்த ஆபத்து குறைகிறது. ஆனால் புகைப்பழக்கத்தால் வந்த நாள்பட்ட நுரையீரல் நோய் முதுமையிலும் நீங்குவதில்லை.

தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் 2017இல் சில மாநிலங்களில் தொடங்கிய நிமோகாக்கஸ் இணைப்புத் தடுப்பூசி, 2021இல் தமிழ்நாடு உட்பட நாடெங்கும் விரிந்தது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் குழந்தைகளுக்கு 6ஆம் வாரம், 14ஆம் வாரம், 9ஆம் மாதம் என மூன்று தவணைகள் இலவசம். குழந்தைகளின் தொண்டையில் கிருமி குறையும்போது வீட்டுப் பெரியவர்களுக்கும் ஓரளவு பாதுகாப்பு கிடைக்கிறது. பேரக்குழந்தைகளோடு வாழாத இல்லவாசிகளுக்கு இந்த மறைமுகப் பயன் குறைவாகவே எட்டும். இத்திட்டத்தின் அட்டவணையில் முதியவர்களுக்கான தவணை இல்லை. பெரும்பாலும் விலை கொடுத்தே போட வேண்டியுள்ளது. எனவே ஓய்வூதியமோ உறவினர் உதவியோ இல்லாத முதியவருக்கு ஊசி கிடைப்பது இல்ல நிர்வாகத்தையும் நன்கொடையாளரையும் பொறுத்தது.

இல்லங்கள் செய்ய வேண்டியவை

• சேர்க்கையின்போதே தடுப்பூசி விவரத்தைப் பதிவேட்டில் குறித்து, விடுபட்டவர்களுக்கு மருத்துவர் ஆலோசனையுடன் ஊசி போடுதல்.
• முதியவருக்குப் புரியும்படி விளக்கி அவருடைய சம்மதம் பெறுதல்.
• படுக்கைகளுக்கிடையே இடைவெளி, காற்றோட்டம், பணியாளர் கைகழுவுதல் ஆகியவற்றை உறுதிசெய்தல்.
• சாய்ந்து அமர்ந்த நிலையில் உணவூட்டுதல். நாள்தோறும் வாயைச் சுத்தம் செய்தல்.
• சில நாட்களுக்குள் இருவருக்கு நிமோனியா வந்தால் மாநகராட்சி சுகாதார அலுவலருக்கு உடனே தெரிவித்தல்.

ஊசி போட்டபின் பாதுகாப்பு உருவாக இரண்டு முதல் மூன்று வாரங்கள் ஆகும். நோய் பரவத் தொடங்கியபின் போடும் ஊசி, அப்போது படுக்கையில் கிடப்பவருக்கு உதவாது. இல்லத்தில் எல்லோரும் நலமாக இருக்கும் நாளே அதற்கு உரிய நாள்.