மாமியார் வீட்டுப் பொங்கல்

வங்கி வேலையில் ஓய்வு பெற்றபின் பூண்டிக்குக் கீழே கொசஸ்தலை ஆற்றோரம் இயற்கை விவசாயம் செய்கிறேன். என் மனைவி பிறந்தது அதே ஆறு கடலில் சேரும் எண்ணூரில், காட்டுக்குப்பத்தில். பொங்கலுக்கு நம் வயல் தூயமல்லி பச்சரிசி அங்கே பானையில் ஏறும். காணும் பொங்கலன்று மச்சான் கழிமுகத்தில் பிடித்த எறா, நண்டோடு மொத்தக் குடும்பமும் பந்தியில் உட்காரும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்தில் பரவியது. படகு, வலை எல்லாம் பிசுக்கு. அடுத்த மாதம் பொங்கல் பொங்கியது, எறா இல்லை.

"மேல நீங்க மருந்தடிக்காம தண்ணி விடுறீங்க மாமா. இங்க வந்து இப்படி ஆவுதே" என்றார் மச்சான்.

விவசாயிகளே, ஆற்றங்கரையில் ரசாயனத்தை விட்டவர்கள் நாம். அதே ஆற்றின் கடைசியில் வலை போடுகிறவர்கள் கழிமுகத்தைச் சுத்தமாக்கக் கேட்கிறார்கள். அந்தக் குரலில் நம் குரலும் சேரட்டும்.